வேர்டு தானாகச் சேமிக்கிறதா? பெரிய ஆவணங்கள் எங்கே, ஏன் தொலைகின்றன

2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விண்டோஸ் வேர்டில் புதிதாகத் தொடங்கும் ஆவணம் இனி தானாகவே கிளவுடில், அதாவது இணையவழிச் சேமிப்பிடத்தில், சேமிக்கப்படும், 'டாக்குமெண்ட் 1' என்ற பழைய பெயருக்குப் பதிலாக அன்றைய தேதியே அதற்குப் பெயராக வரும் என்றது அந்த அறிவிப்பு. சோதனைப் பயனர்களிடம்தான் முதலில் இதை விட்டார்கள். இதைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும்: 10 நிமிடத்துக்கு ஒருமுறை வேர்டு தானாகச் சேமிக்கிறது என்றுதானே இத்தனை காலமும் நினைத்திருந்தோம்? அது என்ன கணக்கு?

அந்த 10 நிமிடக் கணக்கு உண்மைதான். ஆனால் அதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. ஆய்வேடு, நாவல், ஆண்டறிக்கை, சாட்சியத் தொகுப்பு என்று நூற்றுக்கணக்கான பக்கங்களோடு மல்லுக்கட்டுபவர்கள் வேலையை இழப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் குழப்பமே காரணம்.

பெயர்கள் ஒன்றுபோல, வேலைகள் வேறு வேறு

தட்டச்சு செய்யும் எழுத்து முதலில் கணினியின் ராம் நினைவகத்தில்தான் இருக்கிறது. கரெண்ட் போனால் ராம் காலி. சேமிப்பது என்றால், அதை வட்டில் உள்ள கோப்பில் எழுதுவது. இதைச் சுற்றி வேர்டில் நான்கு ஏற்பாடுகள் உள்ளன.

1. ஆட்டோரெக்கவர். ஆவணத்தின் அப்போதைய நிலையை, இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஏஎஸ்டி என்ற பின்னொட்டுள்ள தனிக் கோப்பில் எழுதி வைக்கிறது. உங்கள் உண்மையான கோப்பை அது தொடுவதே இல்லை. வேர்டு ஒழுங்காக மூடப்பட்டதும் அந்தத் தனிக் கோப்பு அழிக்கப்பட்டுவிடும். வேர்டு நடுவில் செத்து விழுந்தால் மட்டுமே அதற்கு வேலை.

2. ஆட்டோசேவ். 2017 வாக்கில் ஆபீஸ் 365 சந்தாதாரர்களுக்கு வந்தது. மேலே இடது மூலையில் உள்ள பொத்தான் இதுதான். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பிடங்களான ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயின்டில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் இது வேலை செய்யும். டி டிரைவிலோ பென் டிரைவிலோ உள்ள கோப்பில் அந்தப் பொத்தான் அணைந்தே கிடக்கும்; போட முயன்றால் 'கிளவுடுக்கு ஏற்று' என்று கேட்கும். இயங்கும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை உண்மையான கோப்பிலேயே எழுதுகிறது.

3. பேக்கப் நகல். நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும், அதற்கு முந்தைய நிலையை டபிள்யூபிகே என்ற பின்னொட்டுடன் பக்கத்திலேயே வைக்கிறது. இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், நாம்தான் போட வேண்டும்.

4. பதிப்பு வரலாறு. கிளவுடில் உள்ள கோப்பின் பழைய நிலைகளின் வரிசை. தனிநபர் ஒன்டிரைவ் கணக்கில் கடைசி 25 பதிப்புகள் வரை திரும்பப் பெறலாம். அலுவலகக் கணக்கில் நிர்வாகி வைத்த வரம்பு.

லிப்ரே ஆபீஸிலும் மீட்புக் கோப்பு, பேக்கப் நகல் இரண்டும் உண்டு. 24.2 பதிப்பிலிருந்து இரண்டும் இயல்பாகவே இயங்குகின்றன. இந்த ஒரு விஷயத்தில் இலவச மென்பொருள் வேர்டைவிடப் பொறுப்பாக நடந்துகொள்கிறது. கூகுள் டாக்ஸில் சேவ் பொத்தானே கிடையாது, பதிப்பு வரலாறு உண்டு. ஆனால் ஓர் ஆவணத்தில் 10.2 லட்சம் எழுத்துக்குறிகளுக்கு மேல் இடம் தராது. இணையம் இல்லாதபோது வேலை செய்ய வேண்டுமானால் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும்.

எந்த இழப்புக்கு எது கைகொடுக்கும்

1. மின்தடை, வேர்டு உறைந்துபோவது: ஆட்டோரெக்கவர் காக்கும். ஆனால் கடைசி இடைவெளிக்குள் எழுதியது போனது போனதுதான். 10 நிமிடம் என்றால் நல்ல வேகத்தில் எழுதுபவருக்கு ஒரு பக்கம்.

2. மூடும்போது தவறுதலாக 'டோன்ட் சேவ்' அழுத்துவது: ஆட்டோரெக்கவர் அமைப்புக்குக் கீழே 'சேமிக்காமல் மூடினால் கடைசி மீட்புப் பதிப்பை வைத்திரு' என்ற பொருளில் ஒரு தேர்வு உண்டு. அதில் டிக் இருந்தால் பிழைக்கலாம். ஒருமுறைகூடச் சேமிக்காத புதிய ஆவணமாக இருந்தால் அந்தப் பதிப்பு 4 நாள் வரைதான் இருக்கும்.

3. நல்லதன் மேல் கெட்டதைச் சேமிப்பது: இங்கே ஆட்டோரெக்கவர் ஒன்றுக்கும் உதவாது. ஆட்டோசேவோ கெட்டதை இன்னும் வேகமாகச் சேமித்து வைக்கும். பேக்கப் நகல், பதிப்பு வரலாறு, நீங்களே எடுத்த தேதியிட்ட நகல் ஆகிய மூன்றுதான் வழி.

4. கோப்பே சிதைவது: பேக்கப் நகல், பழைய நகல்.

5. லேப்டாப் திருட்டு, ஹார்ட் டிஸ்க் சாவு: வேறு இடத்தில் உள்ள நகல் மட்டும்.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சத்தமில்லாமல் நடப்பது அது ஒன்றுதான். கணினி அணைந்தால் தெரியும், கோப்பு திறக்காவிட்டால் தெரியும். இது தெரியாது. 300 பக்க ஆய்வேட்டில் 'கல்' என்பதைப் 'பாறை' என்று மாற்ற நினைத்து 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தினால், கல்வி 'பாறைவி' ஆகும், பகல் 'பபாறை' ஆகும், நகல் 'நபாறை' ஆகும். கண்முன் உள்ள பக்கத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். சேமித்து மூடிவிட்டால் அன்டூ வரிசை அழிந்துவிடும். மறுநாள் திறக்கும்போது கண்ட்ரோல் இசட் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. தமிழ்ச் சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிக் கிடப்பவை என்பதால், ஆயிரம் இடங்களில் மாற்றும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்வது அவசியம். முழுச்சொல் தேடல் ஓரளவு உதவும், ஆனால் வேற்றுமை உருபு ஏறிய 'கல்லை', 'கல்லின்' எல்லாம் அதில் தப்பிவிடும்.

ஆட்டோசேவ் இயங்கும்போது இதே ஆபத்து வேறு உருவில் வரும். சென்ற ஆண்டு அறிக்கையைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றிப் புதியதாக்கிவிட்டு, பிறகு வேறு பெயரில் சேமிப்பது பலருக்கும் பழக்கம். ஆட்டோசேவில், நீங்கள் மாற்ற மாற்ற சென்ற ஆண்டு அறிக்கையே மாறிக்கொண்டிருக்கும். அதனால்தான் அங்கே 'சேவ் ஆஸ்' இருந்த இடத்தில் 'சேவ் எ காப்பி' இருக்கிறது. நகலை முதலில் எடுங்கள், கையை அப்புறம் வையுங்கள்.

பேக்கப் நகலுக்கும் ஒரு எல்லை உண்டு. அதில் இருப்பது ஒரே ஒரு படி முந்தைய நிலை. தவறான மாற்றத்துக்குப் பிறகு ஒருமுறை சேமித்திருந்தால் டபிள்யூபிகே கோப்பில் நல்ல பிரதி இருக்கும். பிழை தெரியாமல் மேலும் எழுதி இரண்டாவது முறை சேமித்தால், நல்ல பிரதியின் இடத்தில் கெட்டது வந்து உட்காரும். தவறு நடந்ததைப் பார்த்த அந்த நொடியில் கண்ட்ரோல் எஸ் பக்கம் விரல் போகக் கூடாது.

'சேவ்' அழுத்தும்போது நடப்பது

டாக்எக்ஸ் கோப்பு 2007 பதிப்போடு வந்தது. பார்வைக்கு ஒரே கோப்பு. உள்ளே அது ஒரு ஜிப் கட்டு. எழுத்து ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில், படங்கள் மீடியா என்ற உறையில், பாணிகள் தனியாக, அடிக்குறிப்புகள் தனியாக இருக்கும். எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ஜிப் கட்டின் கடைசியில் எழுதப்படுகிறது.

வேர்டு சேமிக்கும்போது பழைய கோப்பைத் திறந்து நடுவில் திருத்துவதில்லை. முழு ஆவணத்தையும் அதே இடத்தில் ஒரு தற்காலிகக் கோப்பாகப் புதிதாக எழுதுகிறது. எழுதி முடித்ததும் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள்:

1. சேமிக்கும் நேரத்தில் வட்டில் பழையது, புதியது இரண்டுக்கும் இடம் வேண்டும். 80 எம்பி ஆவணத்துக்கு 20 எம்பி காலியிடம் உள்ள பென் டிரைவ் போதாது.

2. எழுதி முடிக்கும் முன் பென் டிரைவைப் பிடுங்கினால் கடைசியில் வரவேண்டிய பட்டியல் இல்லாமல் போகும். உள்ளே 95 விழுக்காடு எழுத்து நலமாக இருந்தாலும் வேர்டு திறக்க மறுக்கும்.

3. பென் டிரைவ்களில் வழக்கமாக உள்ள ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் கோப்பு முறைகளில் பாதியில் நின்ற மாற்றத்தைக் குறித்து வைக்கும் பதிவேடு கிடையாது. ஹார்ட் டிஸ்கில் உள்ள என்டிஎஃப்எஸ் முறையில் உண்டு.

ஆகவே பென் டிரைவிலிருந்து நேராகத் திறந்து வேலை செய்யக் கூடாது. கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, அங்கே திருத்தி, மூடிய பிறகு திரும்ப நகலெடுத்து, 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்ற வேண்டும். டிடிபி கடைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் அவசரத்தில் முதலில் பலியாகும் விதி இது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு பொறி. மின்னஞ்சலில் வந்த இணைப்பையோ, ஜிப் கோப்புக்குள் இருக்கும் ஆவணத்தையோ அங்கேயே இருமுறை சொடுக்கித் திறந்தால், அது கண்ணில் படாத தற்காலிக உறை ஒன்றிலிருந்து திறக்கிறது. சில வேளை இரண்டு மணி நேரம் திருத்திச் சேமித்தாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. மறுநாள் இணைப்பைத் திறந்தால் பழைய ஆவணமே இருக்கும். திறந்த கையோடு எஃப் 12 அழுத்தி இடத்தைத் தேர்ந்து சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய ஆவணம் ஏன் தடுமாறுகிறது

பக்க எண்ணிக்கையை மட்டும் குறை சொல்ல முடியாது. பக்கத்துக்கு 250 சொல் வீதம் 300 பக்கத்தில் 75,000 சொற்கள். தமிழில் ஒரு சொல்லுக்குச் சுமார் 10 யூனிகோட் குறிகள், ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8 முறையில் 3 பைட் என்று வைத்தாலும், வெறும் எழுத்து 2.25 எம்பிதான். ஜிப்பில் சுருங்கும்போது அதுவும் வெகுவாகக் குறையும். வேர்டின் எல்லையாக மைக்ரோசாஃப்ட் சொல்வது எழுத்துக்கு 32 எம்பி, படங்களையும் சேர்த்து 512 எம்பி. ஆய்வேடு எழுதுபவர் இந்த எல்லைகளின் பக்கத்தில்கூடப் போகமாட்டார்.

சுமை ஏறுவது மற்ற வழிகளில்.

படங்கள்தான் முதல் காரணம். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் கோப்பாக 3, 4 எம்பி இருக்கும். திரையில் காட்ட அதை விரித்தால் ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 எம்பி நினைவகம் பிடிக்கும். 5 அங்குல அகலத்தில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 1,500 பிக்சல் அகலம் போதும். கைப்பேசிப் படத்தின் அகலமோ 4,000 பிக்சல். வேர்டுக்குள் மூலையைப் பிடித்துச் சிறிதாக்கினால் படம் சிறிதாகத் தெரியும், கோப்பு அப்படியே இருக்கும். கிராப் செய்து வெட்டிய பகுதியும் உள்ளேயே ஒளிந்திருக்கும். படத்தைச் செருகும் முன் வெளியே அளவு குறைப்பதே நல்லது. ஏற்கெனவே செருகிவிட்டால் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய், 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்பதற்கு டிக் போட வேண்டும்.

இரண்டாவது, ஏற்கவும் நிராகரிக்கவும் படாமல் கிடக்கும் ட்ராக் சேஞ்சஸ், அதாவது திருத்தங்களைக் குறித்து வைக்கும் வசதியின் பதிவுகள். மூன்று சுற்றுத் திருத்தம் நடந்த ஆவணத்தில் நீக்கிய ஒவ்வொரு வரியும், நீக்கியவர் பெயரோடும் நேரத்தோடும், இன்னும் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு நகலை எடுத்து வைத்துவிட்டு மாற்றங்களை முடித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. 'நீலகிரியில்' என்று நேற்று எழுதிய சொல்லின் கடைசிப் பகுதியை இன்று திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்எம்எல் உள்ளே அந்த ஒரு சொல் 'நீலகிரி', 'யில்' என்று இரண்டு துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் எந்த அமர்வில் எழுதப்பட்டது என்ற எண்ணைச் சுமக்கக்கூடும். ஆண்டுக்கணக்கில் திருத்திய ஆவணத்தில் இத்தகைய துண்டுகள் ஆயிரக்கணக்கில் சேரும். இந்த எண்கள் வேண்டாம் என்றால் டிரஸ்ட் சென்டரின் பிரைவசி பகுதியில், 'கம்பைன்' துல்லியத்துக்காக எண்களைச் சேமிக்கும் தேர்வை எடுத்துவிடலாம். இதனால் பெரிய வேகம் வந்துவிடாது, ஆனால் கோப்பு சுத்தமாக இருக்கும்.

பல பக்கங்களுக்கு நீளும் ஒரே அட்டவணை, இணையப் பக்கத்திலிருந்து வடிவமைப்போடு ஒட்டியது, எழுத்தோடு நகராமல் மிதக்கும் படம் ஆகியவையும் இதே ரகம். பழைய 32 பிட் ஆபீஸில் நினைவக எல்லையும் குறைவு. 'ஃபைல்', 'அக்கவுண்ட்', 'அபௌட் வேர்டு' என்று போனால் எந்த வகை என்று தெரியும். 64 பிட் கணினியில் 32 பிட் வேர்டை வைத்துக்கொண்டு 200 படங்கள் உள்ள ஆவணத்தோடு போராட வேண்டியதில்லை.

அமைப்பும் பழக்கமும்

1. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' போய் ஆட்டோரெக்கவர் இடைவெளியை 3 முதல் 5 நிமிடம் ஆக்குங்கள். 1 நிமிடம் வைத்தால் பெரிய ஆவணம் அடிக்கடி திக்கும். எரிச்சலில் மொத்தமாக அணைத்துவிடத் தோன்றும்.  

2. 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' கீழே 'சேவ்' பகுதியில் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' டிக் போடுங்கள்.

3. தினமும் வேலையைத் தொடங்கும்போது தேதியிட்ட நகல் எடுங்கள். முடிக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றால் களைப்பில் விட்டுப்போகும். 'ஆய்வேடு-2026-01-14' என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயர் வைத்தால் உறையில் தானாகக் கால வரிசையில் நிற்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ரியல் ஃபைனல்' எதுவும் வரிசையில் நிற்காது.

4. இயல் இயலாகத் தனிக் கோப்பு வையுங்கள். கடைசியில் 'இன்சர்ட்' பகுதியில் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' மூலம் ஒன்றாக்கலாம். எல்லாக் கோப்புகளும் ஒரே டெம்பிளேட்டிலிருந்து பிறந்திருந்தால்தான் தலைப்புப் பாணிகள் சண்டை போடாமல் சேரும். வேர்டிலேயே 'மாஸ்டர் டாக்குமெண்ட்' என்ற வசதி இதற்காக இருக்கிறது. ஆவணங்களைச் சிதைப்பதில் அதற்கு நெடுநாள் கெட்ட பெயர், ஒதுங்கியிருப்பது நலம்.

5. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. காப்பு நகல் பற்றிய பழைய விதி இது. லேப்டாப், வெளி ஹார்ட் டிஸ்க், கிளவுட் என்று வைத்துக்கொள்ளலாம். இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான். அது நிறைந்ததும் புதிய மாற்றங்கள் மேலே ஏறாது. டாஸ்க்பாரில் உள்ள மேகக் குறியை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஒரே கோப்பை இரண்டு கணினிகளில், ஒன்றில் இணையம் இல்லாமல், திருத்தினால் கணினியின் பெயர் ஒட்டிய இரண்டாவது கோப்பு முளைக்கலாம். பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். இரண்டிலும் புதிய வேலை இருக்கும். 'ரிவ்யூ' பகுதியின் 'கம்பேர்' மூலம் ஒப்பிட்ட பிறகே ஒன்றை நீக்க வேண்டும்.

டெஸ்க்டாப் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் இந்த ஆறும் அரைக்கிணறுதான்.

தொலைந்த பிறகு: வரிசை முக்கியம்

1. வேர்டு விழுந்து மறுபடி திறக்கும்போது இடப்பக்கம் மீட்புப் பட்டியல் வரும். அதை மூடாதீர்கள். ஒவ்வொன்றின் நேரத்தையும் பார்த்துத் திறந்து, ஒவ்வொன்றையும் புதிய பெயரில் சேமியுங்கள். எது முழுமையானது என்று தெரியும்வரை பழைய கோப்பின் மேல் எதையும் எழுதாதீர்கள்.

2. பட்டியல் வரவில்லை என்றால் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமெண்ட்', 'ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமெண்ட்ஸ்'. அங்கும் இல்லை என்றால், 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பக்கத்தில் காட்டும் ஆட்டோரெக்கவர் உறையின் முகவரியை நகலெடுத்து எக்ஸ்ப்ளோரரில் ஒட்டி, ஏஎஸ்டி கோப்புகளைத் தேடுங்கள்.

3. கோப்பு திறக்கவில்லை என்றால் முதலில் அதை நகலெடுங்கள், எல்லாச் சோதனையும் நகலில்தான். வேர்டின் 'ஓப்பன்' பெட்டியில் கோப்பைத் தேர்ந்து, பொத்தானின் பக்கத்து அம்புக்குறியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்'. சரிப்படாவிட்டால் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். வேர்டு மறுத்ததை அது சில நேரம் ஏற்றுக்கொள்ளும்.

4. அதுவும் முடியவில்லை என்றால் நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். கடைசிப் பட்டியல் இல்லாத கட்டை விண்டோஸ் பிரிக்காது. ஜிப் பழுதுநீக்கும் வசதியுள்ள மென்பொருள் வேண்டும். பிரிந்தால் 'வேர்டு' உறைக்குள் 'டாக்குமெண்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்தும், 'மீடியா' உறையில் படங்களும் கிடைக்கும்.

5. கோப்பு திறக்கிறது, ஆனால் அடிக்கடி விழுகிறது, எண்கள் குழம்புகின்றன என்றால்: புதிய ஆவணம் ஒன்றைத் திறந்து, பழையதில் கடைசிப் பத்திக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். ஆவணத்தின் கடைசிப் பகுதிக்கான பக்க அமைப்பு, தலைக்குறிப்பு விவரமெல்லாம் அந்தக் கடைசிக் குறியோடு சேர்ந்தே பயணிக்கும். சிதைவு அங்கே இருந்தால் அதை விட்டுவிட்டு வந்துவிடலாம். பத்திக் குறிகள் தெரிய கண்ட்ரோல், ஷிஃப்ட், 8.

6. பழைய டாக் வகைக் கோப்புக்குக் கடைசி வழி, 'ஓப்பன்' பெட்டியில் கோப்பு வகையாக 'ரெக்கவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்' தேர்வது. வடிவமைப்பு எல்லாம் போய்விடும், எழுத்து மிஞ்சும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணம் என்றால், மிஞ்சுவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சிதைந்துவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். முழுவதையும் தேர்ந்து பாமினி எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் வந்துவிடும். அதன் பிறகு யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ளலாம்.